சான்செல்மோவில் ஒரு மகள்

வரலாறு என்பது பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் பெயர்ப் பட்டியலாகவே நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. ரேடியத்தைக் கண்டவர் யார் எனக் கேட்டால் பள்ளிச் சிறுவனும் தயங்காமல் விடை கூறுவான். அந்த ரேடியத்தைக் கண்டவர் நோயுற்றுக் கிடந்தபோது அவர் அருகே இரவும் பகலும் அமர்ந்திருந்தவர் யார், அவருடைய காய்ச்சலைக் கணக்கிட்டவர் யார், அவர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாமல் தவித்தவர் யார் எனக் கேட்டால், கற்றறிந்தோரும் சற்றே தயங்குவர். நோயாளியின் பெயர் வரலாற்றில் நிலைபெற்று விடுகிறது. நோயாளியைப் பேணியவரின் பெயர் அந்த அறையோடு நின்று விடுகிறது.

இக்கட்டுரை அத்தகைய ஓர் அறையைப் பற்றியது. பிரான்சு நாட்டின் ஆல்ப்சு மலைச்சாரலில் பாசி என்னும் ஊருக்கு அருகில் சான்செல்மோ என்னும் நோயாளர் இல்லம் இருந்தது. அங்கே 1934 சூலைத் திங்கள் 4 ஆம் நாள் விடியற்காலையில் மேரி கியூரி அம்மையார் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 66. அவரைக் கொன்றது எலும்பு மஜ்ஜையின் நோய். அவர் கையைப் பற்றியிருந்தவர் அவருடைய இளைய மகள் ஈவ் கியூரி. ஈவுக்கு அப்போது வயது 29.

மஜ்ஜை என்னும் ஊற்று

மஜ்ஜை நோய் எத்தகையது என்பதை முதலில் அறிந்து கொண்டால்தான் அந்த மகளின் சுமை நமக்கு விளங்கும். எலும்பின் உட்புறத்தே பஞ்சு போன்று அமைந்துள்ள மஜ்ஜையே குருதி ஊறும் ஊற்றாகும். வளர்ந்த மனிதர் ஒருவரின் மஜ்ஜை ஒரே நாளில் ஏறத்தாழ 20,000 கோடிச் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் சுமார் 120 நாள்கள். குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களோ பத்து நாள்களுக்குள் மடிந்து விடுகின்றன. கிருமிகளை எதிர்த்துப் போரிடும் வெள்ளணுக்களில் பெரும்பாலானவை ஒரு நாள் அளவே குருதியில் உலவுகின்றன. ஆகவே இந்த ஊற்று ஒருநாளும் ஓய்வெடுக்க இயலாது.

ஊற்று வற்றினால் மூன்று துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. வெள்ளணு குறைவதால் காய்ச்சலும் தொற்றும், தட்டணு குறைவதால் குருதிக் கசிவு, சிவப்பணு குறைவதால் வெளிறிய முகமும் மூச்சிரைப்பும். செருமானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக் 1888 ஆம் ஆண்டில் இத்தகைய நோயால் இறந்த ஓர் இளம்பெண்ணின் உடலை ஆராய்ந்து, மஜ்ஜை வெறுமையாகிக் கிடந்ததை முதன்முதலாக எழுதி வைத்தார். மஜ்ஜை வற்றிய சோகை என நாம் இன்று கூறும் நோய்க்கு அதுவே முதல் வரலாற்றுச் சான்று.

இந்நோயின் கொடுமை அதன் மறைவில் இருக்கிறது. கட்டியென்று தொட்டுக் காட்ட ஒன்றுமில்லை. புண்ணென்று மருந்திட ஒன்றுமில்லை. முதலில் சோர்வு, பிறகு காய்ச்சல். "காய்ச்சல்தானே, நாலு நாளில் போய்விடும்" என்று வீட்டார் ஒருவரையொருவர் தேற்றிக் கொள்கின்றனர். சான்செல்மோவிற்கு முன் பாரீசு நகரில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

பேணுதல் ஒரு குடும்ப வழக்கம்

ஈவின் கதையைத் தொடங்குமுன், அவர் பிறந்த குடும்பத்தில் நோயாளிகளைப் பேணுதல் எவ்வாறு தலைமுறை தலைமுறையாக வந்தது என்பதைச் சற்று நோக்குதல் தகும்.

மேரி கியூரி 1867 ஆம் ஆண்டு வார்சா நகரில் பிறந்தார். அவருடைய அன்னை ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடைய பெண்மணி; காசநோயால் பீடிக்கப்பட்டவர். தம் நோய் பிள்ளைகளைத் தொற்றிவிடுமோ என அஞ்சி அவர்களை முத்தமிடுவதையே அந்தத் தாய் தவிர்த்து வந்தார். அன்னை 1878 ஆம் ஆண்டு இறந்தபோது மேரிக்கு வயது பத்து. தொடாமல் இருப்பதும் அன்பின் ஒரு வடிவம் என்பதை அந்தச் சிறுமி மிக இளமையிலேயே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

மேரியின் கணவர் பியர் கியூரி 1906 ஏப்ரல் 19 அன்று பாரீசு வீதியில் குதிரை வண்டியில் சிக்கி மாண்டார். அப்போது மூத்த மகள் ஐரீனுக்கு எட்டு வயது; ஈவ் ஒன்றரை வயதும் நிரம்பாத குழந்தை. பியரின் தந்தையாரான முதிய மருத்துவர் யூஜின் கியூரி பேத்தியர் இருவரையும் தம் மடியில் வைத்து வளர்த்தார். அவர் நோயில் விழுந்து நெடுங்காலம் படுக்கையில் கிடந்தபோது, பல்கலைக்கழகப் பணி போக எஞ்சிய நேரத்தையெல்லாம் மேரி தம் மாமனாரின் கட்டிலருகே கழித்தார். 1910 பிப்ரவரியில் முதியவர் மறைந்தார். உலகம் போற்றும் அறிவியலாளர் ஒருவர் மாமனாரின் கட்டிலருகே அமர்ந்து பணிவிடை செய்ததை எந்தப் பரிசுப் பட்டியலும் குறிக்கவில்லை. ஆனால் சிறுமி ஈவ் அதைக் கண்டு வளர்ந்தார்.

ஐரீன் தாயின் வழியில் அறிவியலாளரானார். 1926 இல் பிரெடெரிக் ஜோலியோவை மணந்து தனிக்குடித்தனம் போனார். ஈவோ பியானோ இசைக் கலைஞர். பின்னர் இசை விமரிசகர், எழுத்தாளர். தாயின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் தாயோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர் அவரே. கண்புரையால் மேரியின் பார்வை மங்கி, 1923 முதல் 1930 வரை நான்கு முறை அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தது. செய்தி வெளியே பரவாதிருக்க முதல்முறை வேறொரு பெயரில் மருத்துவமனையில் சேர்ந்த தாயை, கண்கட்டோடு கிடந்த நாள்களில் அருகிருந்து கவனித்தவர் ஈவ். குடும்பத்தில் அறிவியலாளர் அல்லாத அந்த ஒருவருக்கே இறுதிப் பணியும் வந்து சேர்ந்தது. நம் இல்லங்களிலும் இவ்வாறே நிகழ்வதைக் காண்கிறோம் அல்லவா? புகழும் பதவியும் பெற்ற பிள்ளை ஓரிடத்தில் இருக்க, வீட்டோடு தங்கிய பிள்ளையின் கையில்தான் மருந்துக் குப்பி இருக்கிறது.

ஒரு காய்ச்சலின் வரலாறு

1934 ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருவிழாக் காலத்தில், போலந்திலிருந்து வந்திருந்த தம் தமக்கை பிரோனியாவோடு மேரி தென்பிரான்சுக்குக் காரில் சென்றார். பயணத்தில் குளிர் தாக்கியது. பாரீசு திரும்பியபின் சோர்வு நீங்கவில்லை. இலேசான காய்ச்சலும் விடவில்லை. ஆனாலும் ஆய்வுக்கூடம் செல்வதை நிறுத்தவில்லை. கதிரியக்கம் பற்றிய தம் பெருநூலை எழுதுவதையும் நிறுத்தவில்லை. மே மாதத்தில் ஒருநாள் காய்ச்சல் மிகவே வழக்கத்திற்கு முன்பே புறப்பட்டார். போகும் வழியில் வாடிய ரோசாக் கொடி ஒன்றைக் கண்டு, அதை உடனே கவனிக்குமாறு பணியாளரிடம் கூறிச் சென்றார். அதன்பின் அவர் அங்கே திரும்பவில்லை.

மருத்துவர்கள் முதலில் சளிக்காய்ச்சல் என்றனர். பின்னர் எக்ஸ்ரே படத்தில் பழைய காசநோயின் தழும்பு போன்று ஏதோ தென்படுவதாகக் கருதினர். புகழ்பெற்ற மருத்துவர்களை ஈவ் ஒன்றுகூட்டினார். மலைக்காற்று நலம் தரும், உடனே நோயாளர் இல்லத்திற்கு அழைத்துச் செல்க என்பதே அவர்களின் ஒருமித்த கருத்து. ஈவும் ஒரு செவிலியும் மேரியைத் தொடர்வண்டியில் அழைத்துச் சென்றனர். சென் செர்வே நிலையத்தை நெருங்கும்போது மேரி அவர்கள் கைகளிலேயே மயங்கிச் சரிந்தார். சான்செல்மோவில் மீண்டும் படம் எடுத்துப் பார்த்தபோது நுரையீரலில் நோயே இல்லை எனத் தெரிந்தது. அத்தனை துன்பந்தந்த பயணம் வீணாயிற்று.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நோயாளியைப் பேணுவோரின் நெஞ்சில் தைக்கும் முட்களிலெல்லாம் கூர்மையானது இதுவே. "அன்று அந்தப் பயணத்தைத் தவிர்த்திருக்கலாமோ? வேறு மருத்துவரைக் கேட்டிருக்கலாமோ?" என்னும் கேள்வி ஆண்டுகள் பல கடந்தும் உறங்க விடுவதில்லை. ஈவ் தம் கடமையில் தவறவில்லை. நாட்டின் சிறந்த மருத்துவர்களைக் கேட்டார். அவர்கள் கூறியபடி செய்தார். அறிந்ததை வைத்து அன்று எடுத்த முடிவைப் பின்னாளில் அறிந்ததை வைத்துத் தீர்ப்பிடுவது நீதியாகாது. பேணுவோர் பிறருக்கு வழங்கும் மன்னிப்பைத் தமக்கும் வழங்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் 40 பாகை செல்சியசைத் தாண்டியது. செனீவா நகரிலிருந்து பேராசிரியர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். கடந்த சில நாள்களின் குருதிச் சோதனைகளை அவர் ஒப்பிட்டு நோக்கினார். சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் ஒருசேர விரைந்து குறைந்து கொண்டிருந்தன. கடுமையான சோகை என அவர் உரைத்தார். மஜ்ஜை மறுவினை காட்டவேயில்லை என்றும், நெடுங்காலமாகச் சேர்ந்து வந்த கதிர்களால் அது சிதைந்திருக்கக்கூடும் என்றும் இல்லத்தின் மருத்துவர் பின்னர் பதிவு செய்தார்.

அன்றைய மருத்துவத்திடம் இதற்கு விடையில்லை. அதே 1934 ஆம் ஆண்டின் நோபல் மருத்துவப் பரிசு, ஈரல் உணவால் ஒருவகைக் கொடிய சோகையைக் குணப்படுத்தலாம் எனக் கண்ட அமெரிக்க மருத்துவர் மூவருக்கு வழங்கப்பட்டது. அந்தச் சோகையில் மஜ்ஜை உயிரோடுதான் இருக்கும். சத்துப்பொருள் ஒன்றே குறைவாயிருக்கும். ஊற்றே வற்றிய இடத்தில் ஈரல் என்ன செய்யும்? நோய்க்கிருமிகளை அழிக்கும் பெனிசிலினும் அப்போது ஆய்வுக்கூடத்தை விட்டு நோயாளியின் படுக்கைக்கு வந்து சேரவில்லை. ஆக, ஈவிடம் எஞ்சியிருந்தவை இரண்டே: தம் கைகள், தம் சொற்கள்.

வெப்பமானியின் முன் ஒரு பொய்

இங்கேதான் இவ்வரலாற்றின் மையமான கேள்வி எழுகிறது. நோயின் உண்மையை நோயாளியிடம் கூறலாமா, கூடாதா?

மேரி சாதாரண நோயாளி அல்லர். அளவைகளை நம்பி வாழ்ந்தவர். தம் வெப்பநிலையைத் தாமே பார்த்துக் கொள்வார். அந்த எண்ணை எவராலும் அவரிடமிருந்து மறைக்க இயலவில்லை. அவர் அஞ்சியது ஒன்றே ஒன்று. பித்தப்பையில் அறுவை நிகழுமோ என்பது. அவருடைய தந்தையார் அத்தகைய அறுவைக்குப் பின் இறந்தவர். அந்த அச்சம் வீண் என்று தெரிந்தபோது மேரி ஆறுதலடைந்தார். அறுவை வேண்டாம் என்பதற்குக் காரணம் அதைவிடக் கொடிய நோய் என்பதை ஈவ் வாய்விட்டுக் கூறவில்லை. உறவினர் பலரையும் திடீரென வரவழைத்தால் தாய் உண்மையை உணர்ந்து கொள்வாரே என அதையும் தவிர்த்தார். பயனற்ற, வலி தரும் மருத்துவ முறைகளால் தாயின் உடலை வருத்த வேண்டாம் என்றும் முடிவு செய்தார்.

சூலை 3 ஆம் நாள் காலை மேரி நடுங்கும் கையால் இறுதிமுறையாக வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியது. முடிவு நெருங்கும்போது உடல் குளிர்வதால் வரும் இறக்கம் அது என்பதை ஈவ் அறிந்திருந்தார். ஆயினும் குணமடைவதன் அறிகுறியே அது என்று தாயிடம் உறுதி கூறினார்.

ஒரு மகள் தன் தாய்க்குச் சொன்ன இந்தப் பொய்யை எவ்வாறு மதிப்பிடுவது? உண்மையைத் தேடுவதையே வாழ்வாகக் கொண்ட ஒருவரிடம் உண்மையை மறைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி என வாதிடுவோர் உண்டு. தம் இறுதி நாள்களை அவர் அறிந்து செலவிட்டிருக்கலாம். முடிக்க வேண்டிய நூலைப் பற்றிப் பேசியிருக்கலாம். விடைபெற வேண்டியவர்களிடம் விடைபெற்றிருக்கலாம். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. நோயாளி தம் நோயை அறியும் உரிமை உடையவர் என்பதை இன்று மருத்துவ உலகம் முழுவதும் ஏற்றுக் கொண்டுள்ளது. நம் நாட்டு இல்லங்களிலோ "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று மருத்துவரின் அறைக்கு வெளியே முணுமுணுக்கும் வழக்கம் இன்றும் மாறவில்லை. அறிய விரும்பும் நோயாளிக்குச் சுற்றியுள்ளோர் எல்லாரும் நடிக்கத் தொடங்குவது தனிமைச் சிறை போன்றது.

எனினும் சூலை 3 ஆம் நாளின் அந்த ஒரு கணத்தை வேறு விதமாகவே நோக்க வேண்டியுள்ளது. முடிவெடுக்க வேண்டியவை எவையும் அப்போது எஞ்சியிருக்கவில்லை. ஒருநாள் வாழ்வே மிச்சம். அந்த முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை அணைத்துவிட்டு அதன் இடத்தில் எதை வைப்பது? உண்மை ஒரு மருந்து என்றால், மருந்துக்குரிய அளவும் வேளையும் அதற்கும் உண்டு. வாழ்வைத் திட்டமிட இன்னும் காலம் இருக்கையில் மறைப்பது களவு. இறுதி மணிநேரத்தில் வலிந்து கூறுவது கொடுமை. இவ்விரண்டிற்கும் இடையே வேளையறிந்து நடப்பதே பேணுவோருக்கு வாய்த்த கடினமான ஞானம். மற்றொன்றும் எண்ணத்தக்கது. தம் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவோரின் குருதியைச் சோதிக்கச் செய்து வந்தவர் மேரி. தம் குருதியும் இயல்பாக இல்லை என்பது அவருக்குத் தெரியாததன்று. அவர் அறிந்தும் அறியாதவர் போல் இருந்து மகளைத் தேற்றினாரோ? எத்தனையோ நோயாளிகள் தம்மைப் பேணுவோரின் பொருட்டு அவ்வாறு செய்கின்றனர்.

இறுதி மணிநேரங்களில் மேரியின் நினைவு மீண்டும் ஆய்வுக்கூடத்திற்கே சென்றது. கையிலிருந்த தேநீர்க் கோப்பையில் கரண்டியால் கலக்கியபோது அதை ஆய்வுக் கருவியென்றே எண்ணினார். தம் நூலின் பத்திகளைப் பற்றி முணுமுணுத்தார். ஊசி போட வந்த மருத்துவரிடம் தம்மை நிம்மதியாக விடும்படி கேட்டுக் கொண்டார். பதினாறு மணிநேரம் இதயம் ஓயாமல் போராடியது. ஒருபுறம் மருத்துவரும் மறுபுறம் ஈவும் குளிர்ந்த கைகளைப் பற்றியிருந்தனர். பொழுது புலர்ந்தபோது எல்லாம் முடிந்தது.

சூலை 6 ஆம் நாள் சோ என்னும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், கணவரின் அருகே, ஆரவாரமின்றி அடக்கம் நடந்தது. இளமையிலேயே சமய நம்பிக்கையினின்று விலகிய அவருக்குச் சமயச் சடங்கு எதுவும் நிகழவில்லை. போலந்திலிருந்து வந்த தமக்கை பிரோனியாவும் தமையன் யோசெப்பும் தாய்நாட்டு மண்ணை ஒரு கைப்பிடி கொணர்ந்து குழியில் தூவினர். நம்பிக்கை கொண்ட நம்மால் அந்த அடக்கத்தை எண்ணி ஓர் ஏக்கம் கொள்ளாமல் இருக்க முடியாது. ஆயினும் அந்தக் கட்டிலருகே விழித்திருந்த அன்பு எங்கிருந்து வந்தது என நாம் அறிவோம். அதற்குப் பெயரிடாதவர்களிடமும் அது செயல்படுகிறது.

யார் குற்றம்?

மஜ்ஜை நோய் வந்த வீடுகளில் எழும் மற்றொரு கேள்வி, "இது எதனால் வந்தது?" என்பது. மேரியைப் பொறுத்தவரை உலகம் நெடுங்காலம் ஒரே விடையைக் கூறி வந்தது. ரேடியம் தன்னைக் கண்டவரையே கொன்றது என்று. 1995 ஏப்ரலில் பியர், மேரி இருவரின் உடல்களும் பாரீசு நகரின் பாந்தியோன் மண்டபத்திற்கு மாற்றப்பட்டன. தம் சொந்தச் சாதனைகளுக்காக அந்த மதிப்பைப் பெற்ற முதல் பெண் மேரியே. அப்போது பிரான்சின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்தார் அவருடைய பெட்டியைச் சோதித்தனர். ஈயத் தகடு பொதிந்த அந்தப் பெட்டிக்குள் ரேடியத்தின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ரேடியம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அறுபது ஆண்டுகளில் அது மறைந்திருக்க வழியில்லை. எனவே அவருடைய மஜ்ஜையைச் சிதைத்தது பெரும்பாலும் முதல் உலகப் போரின்போது அவர் பட்ட எக்ஸ்ரே கதிர்களாக இருக்கலாம் என அவர்கள் கருதினர்.

அந்தப் போரில் மேரி என்ன செய்தார்? எக்ஸ்ரே கருவிகளை ஊர்திகளில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். இருபது ஊர்திகளும் இருநூறு நிலையங்களும் அவர் முயற்சியால் அமைந்தன. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட போர்வீரர்கள் அவற்றால் சோதிக்கப்பட்டனர். பதின்ம வயது கடக்காத ஐரீனும் தாயோடு போர்முனையில் பணிபுரிந்தார். உரிய காப்புக் கவசங்கள் அன்று இல்லை. அந்த அலுவலகத்தாரின் கருத்து சரியாயின், மேரியின் மஜ்ஜையை வற்றச் செய்தது புகழுக்கான ஆய்வைவிட, காயமுற்ற அயலாரின் உடலில் தைத்த குண்டுகளைத் தேடிக் கண்ட பணியே எனலாம்.

ஐரீனும் தப்பவில்லை. கணவரோடு 1935 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற அவர், 1956 மார்ச் 17 அன்று குருதிப் புற்றுநோயால் பாரீசில் இறந்தார். அவருக்கு வயது 58. தாயின் மஜ்ஜை வற்றியது. மகளின் மஜ்ஜை நெறிதவறிப் பெருகியது. ஈவ் தமக்கையையும் இழந்தார்.

பேணுவோரே மருந்தாகும் காலம்

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் இது வெறும் துயரக் கதையாகவே நின்றிருக்கும். ஐரீன் இறந்து இரண்டே ஆண்டுகளில், 1958 அக்டோபரில், யுகோசுலாவியாவின் வின்சா என்னும் இடத்து அணு ஆய்வுக்கூடத்தில் ஒரு விபத்து நேர்ந்தது. கடுங்கதிர்வீச்சுக்கு ஆளான ஆறு பேர் பாரீசுக்குக் கொண்டு வரப்பட்டு, கியூரி பெயர் தாங்கிய மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஐவருக்கு, எவ்வித உறவுமற்ற பிரெஞ்சு மக்கள் சிலர் தம் எலும்பு மஜ்ஜையை வழங்க முன்வந்தனர். மருத்துவர் சார்ச் மாத்தே அதை நோயாளிகளின் உடலில் செலுத்தினார். ஒருவர் இறந்தார், மற்றவர் பிழைத்தனர். அந்த மஜ்ஜை நிலையாக வேரூன்றவில்லை. அவர்களைக் காத்தது அதுதானா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் முன்பின் அறியாத மனிதரின் மஜ்ஜையை மற்றொரு மனிதருக்கு வழங்கலாம் என்னும் எண்ணம் அந்த மருத்துவமனையில் செயல்வடிவம் பெற்றது.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை முறையாக வளர்த்தெடுத்த அமெரிக்க மருத்துவர் தாமசு 1990 இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஆண்டுகள் பல உடனுழைத்தவர் அவர் மனைவி டாட்டி. பிரான்சின் சான் தோசே திசுப் பொருத்தத்தின் இரகசியத்தை வெளிப்படுத்தினார். உடன்பிறந்தார் ஒருவரின் மஜ்ஜை பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு எனத் தெளிவாயிற்று. ஆக, பேணுவோரின் சொந்த உடலே மருந்தாகும் விந்தை நிகழ்ந்தது. அண்ணனின் மஜ்ஜை தங்கையின் எலும்புக்குள் குடியேறி, அவள் வாழ்நாள் முழுவதும் குருதி சுரக்கிறது. "என் இரத்தத்தின் இரத்தமே" என நாம் உருவகமாகக் கூறுவது அங்கே உண்மையாகவே நிகழ்கிறது.

குடும்பத்தில் பொருந்துவோர் இல்லையெனில் என் செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவரும் ஒரு தாயே. சர்லி நோலன் என்னும் பெண்மணி, பிறவியிலேயே கொடிய குருதி நோயுற்ற தம் மகன் அந்தோணிக்காக 1974 இல் இலண்டனில் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். சிறுவனுக்குப் பொருந்தியவர் எவரும் கிடைக்காமலே 1979 இல் அவன் இறந்தான். தாய் பதிவேட்டை மூடவில்லை. தன் பிள்ளையைக் காப்பாற்றாத ஒன்று பிறர் பிள்ளைகளைக் காப்பாற்றட்டும் என அதைத் தொடர்ந்தார். இன்று உலகெங்கும் இத்தகைய பதிவேடுகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் தந்துள்ளனர். நம் நாட்டில் முதல் மஜ்ஜை மாற்றம் 1983 இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நிகழ்ந்தது. 1986 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதைத் தொடங்கியது. 2009 இல் சென்னையில் தாத்ரி என்னும் கொடையாளர் பதிவேடு தோன்றியது. மஜ்ஜை வற்றியோரில் பலருக்கு, மஜ்ஜையைத் தாக்கும் தம் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளாலும் இன்று குணம் கிடைக்கிறது.

மருத்துவம் இத்துணை வளர்ந்தபோதும் பேணுவோரின் பணி குறையவில்லை, பெருகியே இருக்கிறது. வெள்ளணு குறைந்தவருக்கு வரும் காய்ச்சல் ஒரு மணிநேரமும் தாமதிக்கலாகாத அபாயம் என்பதை நாம் இன்று அறிவோம். ஆகவே வெப்பமானி இன்றும் பேணுவோரின் கையில்தான் இருக்கிறது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், உணவை நன்கு வேகவைத்துத் தருவதும், ஈறு கசியாதிருக்க மென்மையான தூரிகையைத் தேர்வதும், தோலில் புதிய செம்புள்ளி தோன்றுகிறதா என விளக்கொளியில் தேடுவதும் அவர்களே. குருதி கொடுக்க ஆள் தேடி அலைவதும், கடன் கேட்டுப் படியேறுவதும் அவர்களே. சிகிச்சை நாள்களில் நோயாளியை நெருங்காமல் கண்ணாடிக்கு அப்பால் நின்று கையசைக்கும் தாய்மார்களைக் காணுந்தோறும், பிள்ளைகளை முத்தமிட அஞ்சிய அந்த வார்சா நகரத் தாயின் நினைவு எழுகிறது.

பேணுதலின் பின்

தாய் இறந்தபின் ஈவ் தாயின் தாள்களையும் மடல்களையும் சேகரித்து, 1937 இல் அவர் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் படிக்கப்பட்ட நூல் அது. அந்த நூலில் அவர் தம்மைப் பெரும்பாலும் "நான்" எனக் கூறாமல், "ஈவ்" என்று மூன்றாம் மனிதரைப் போலவே குறிப்பிடுகிறார். வீணான பயணத்தை மறைக்கவில்லை. வெப்பமானியின் முன் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. தாயிடம் கூற இயலாத உண்மையை உலகின் முன் கூறிவிட்டார் எனலாம்.

அவர் வாழ்வு அறையோடு முடங்கிவிடவில்லை. போர்க்காலச் செய்தியாளராக 1942 இல் இந்தியாவிற்கும் வந்து காந்தியடிகளையும் நேருவையும் சந்தித்தார். அவர் கணவர் லபுவாசு, ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தின் தலைவராக 1965 இல் அந்நிறுவனத்தின் சார்பில் நோபல் அமைதிப் பரிசைப் பெற்றார். ஈவும் அவரோடு நாடு நாடாகச் சென்று ஏழைக் குழந்தைகளுக்காக உழைத்தார். தாயின் ஆய்வுக்கூடத்தில் கால் பதிக்காத அவர், 2007 அக்டோபர் 22 அன்று தம் 102 ஆம் வயதில் காலமானார்.

அன்பு வாசகர்களே, நம் பங்குகளிலும் தெருக்களிலும் ஈவ்கள் பலர் உள்ளனர். நோயாளி எப்படி இருக்கிறார் என்று அவர்களிடம் நாம் தவறாமல் விசாரிக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், இன்று உண்டாயா, நேற்று உறங்கினாயா என்று கேட்பவர் அரியர். ஓர் இரவு அவர்களுக்குப் பதிலாக நாம் விழித்திருக்கலாம். ஒரு குப்பி குருதி வழங்கலாம். இளையோர் கொடையாளர் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்க்கலாம். இவை எதுவும் இயலாதவர், அவர்கள் எடுத்த முடிவுகளைக் குறைகூறாமலாவது இருக்கலாம். கட்டிலருகே அமர்ந்திருப்பவரின் தோளைத் தொட்டு, "நீ செய்தது போதும், நன்றாகவே செய்தாய்" என்று கூற ஒரு மனிதராவது வேண்டும். அந்த ஒருவராக நாம் இருப்போமாக.